அளவு கேட்ட முனிவர்

"போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனுச்சோ, இந்தப் புள்ள!"

இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம் வீடுகளில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாத குழந்தையைப் பார்த்துச் சொல்வார்கள். முப்பது வயதில் சிறுநீரகம் போனவரைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி லிஃப்டில் இறங்கும்போது சொல்வார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் கிடையாது. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். காரணமே இல்லாத துன்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத காரணமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும்.

ஆனால் யாருடைய மனசு? படுத்திருப்பவரின் காதில் அது ஆறுதலாக விழுவதில்லை, தீர்ப்பாக விழுகிறது. நீ அனுபவிப்பது உனக்கு உரியதுதான் என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பேச நம் புராண மரபில் இடமே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இடம் இருக்கிறது. மகாபாரதத்தின் ஆதி பர்வத்திலேயே ஒருவர் எதிர்த்துப் பேசியிருக்கிறார். அதுவும் தர்மதேவனின் முகத்துக்கு நேராக.

*

மாண்டவ்யர் என்று ஒரு முனிவர். தன் ஆசிரம வாசலில், மரத்தடியில், இரண்டு கைகளையும் உயர்த்தி நின்று தவம் செய்பவர். மௌன விரதம் வேறு. ஒருநாள் திருடர்கள் சிலர், காவலர்கள் துரத்த ஓடி வந்து, திருடிய பொருளோடு அவருடைய ஆசிரமத்துக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். பின்னாலேயே வந்த காவலர்கள், திருடர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவரிடம் கேட்கிறார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய்த் தேடினால் திருடர்களும் கிடைத்தார்கள், பொருளும் கிடைத்தது. பேசாமல் நின்றவர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கட்டி இழுத்துப் போய் அரசன் முன் நிறுத்தினார்கள். அரசன் திருடர்களோடு சேர்த்து அவருக்கும் மரண தண்டனை விதித்தான். கழுவில் ஏற்றினார்கள்.

அவர் சாகவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் கழுவின் மேலேயே தவத்தைத் தொடர்ந்தார். இரவில் ரிஷிகள் பறவை வடிவில் வந்து, இப்படி ஆவதற்கு நீர் என்ன பாவம் செய்தீர் என்று வருத்தத்தோடு கேட்டார்கள். யாரைக் குறை சொல்வது, வேறு யாரும் எனக்குக் குற்றம் செய்யவில்லையே என்று மட்டும் சொன்னார். நாட்கள் கடந்தும் அவர் உயிரோடு இருக்கும் செய்தி அரசனுக்குப் போனது. அவன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். கழுவை உருவப் பார்த்தார்கள், வரவில்லை. வெளியே இருந்த பகுதியை மட்டும் வெட்டினார்கள். மிச்சம் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. அணி என்றால் கழுவின் முனை. அன்றிலிருந்து அவர் அணிமாண்டவ்யர்.

கதை இங்கே முடிந்திருந்தால் பொறுமையைப் புகழும் நூறு கதைகளில் ஒன்றாகப் போயிருக்கும். முடியவில்லை. அந்த முனையை உடம்புக்குள் சுமந்தபடியே அவர் தர்மனின் இருப்பிடத்துக்குப் போனார். ஆசனத்தில் உட்கார்ந்திருந்த தர்மனைப் பார்த்து, நான் அறியாமல் செய்த எந்தச் செயலுக்கு இந்தப் பலன் என்று கேட்டார்.

தர்மனிடம் பதில் தயாராக இருந்தது. சின்னப் பூச்சிகளைப் புல்லால் குத்தியிருக்கிறீர். சிறிய தானம் பெருகிப் பெரிய புண்ணியம் ஆவதுபோல, சிறிய பாவமும் பெருகிப் பெரிய துன்பம் ஆகும். எப்போது குத்தினேன் என்றார் முனிவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்றான் தர்மன்.

மாண்டவ்யர் ஒத்துக்கொள்ளவில்லை. சிறிய குற்றத்துக்குப் பெரிய தண்டனை கொடுத்துவிட்டாய், ஆகவே நீ மனிதனாக, சூத்திரப் பெண்ணின் வயிற்றில் பிறப்பாய் என்று சபித்தார். அதோடு ஒரு சட்டமும் போட்டார்: இன்று உலகத்துக்கு ஓர் எல்லை வைக்கிறேன், 14 வயது வரை செய்யும் எதுவும் பாவம் ஆகாது, அதற்கு மேல் செய்தால்தான் குற்றம். அந்தச் சாபத்தால் தர்மன் விதுரனாகப் பிறந்தான்.

*

இந்தக் கதையில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒன்று அரசனுடையது, இன்னொன்று தர்மனுடையது.

அரசனின் தவறு யாருக்கும் புரியும். பொருள் அங்கே கிடைத்தது, ஆள் பேசவில்லை, ஆகவே அவனும் திருடன். மாண்டவ்யரின் பெயர் அர்த்தசாஸ்திரத்திலும் வருகிறது. நான்காம் அதிகரணத்தில், சந்தேகத்துக்கு உரியவரை விசாரிப்பது பற்றிப் பேசும் இடத்தில். ஆனால் அங்கே அவர் மௌனி இல்லை. திருடாமலேயே, சித்திரவதைக்குப் பயந்து, நான்தான் திருடன் என்று ஒப்புக்கொண்டவர். ஆகவே சான்று முழுமையாக இருந்தால் மட்டுமே தண்டிக்க வேண்டும் என்று அந்த நூல் பாடம் எடுக்கிறது. ஒரே ஆள், ஒரு நூலில் பேசாததால் மாட்டுகிறார், இன்னொரு நூலில் பேசியதால் மாட்டுகிறார். அதிகாரத்தின் முன்னால் நிறுத்தப்படும் எளியவன் எதைச் செய்தாலும் மாட்டிக்கொள்வான் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அரசனின் நீதிமன்றத்தில் தவறு, ஆள் மாறிப்போனது. தர்மனின் நீதிமன்றத்தில் ஆள் மாறவில்லை. பூச்சியைக் குத்தியது மாண்டவ்யர்தான். அவரும் அதை மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த இடம்தான்.

ஸ்குடாயில் இயந்திரவியல் படிக்கும்போது உலோகங்கள் எப்படி உடைகின்றன என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பெரிய இரும்புத் தண்டில் சின்னதாக ஒரு கீறல், ஒரு கூர்மையான மூலை இருந்தால் போதும். விசை எல்லாம் அங்கே குவியும். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்க, விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளரும். 1954இல் காமெட் ரக ஜெட் விமானங்கள் இரண்டு வானத்திலேயே உடைந்து விழுந்தன. விமானத்தின் உடலில் இருந்த திறப்புகளின் மூலைகளில் தொடங்கிய விரிசல்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. சின்னக் காரணம், மிகப் பெரிய விளைவு. உலோகத்துக்கு அளவு தெரியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் செய்தது என்ன என்று அது பார்க்காது. அதற்காக உலோகத்தைத் திட்டவும் முடியாது.

தர்மனின் பதில் உலோகத்தின் பதில். சிறியது பெருகும், அவ்வளவுதான், இயற்கை அப்படி. மாண்டவ்யர் அதை ஏற்கவில்லை. மூலத்தில் அவர் பேச்சில் ‘த்வயா’ என்ற சொல் இருக்கிறது. உன்னால். பெரிய தண்டனை தானாக வந்து விழுந்துவிடவில்லை, உன்னால் கொடுக்கப்பட்டது. நீ இயற்கை இல்லை, நீ நீதிபதி. ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். விரிசலிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் ஆசனத்தில் இருப்பவனிடம் கேட்கலாம்.

காரணம் சொல்வது வேறு, நியாயம் சொல்வது வேறு. நம் ஆலைகளில் விபத்து நடந்தால் இந்த இரண்டும் குழம்புவதைப் பார்க்கலாம். ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைத் தேடு என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் எத்தனையோ ரிப்போர்ட்டுகள் மூன்றாவது ‘ஏன்’ வருவதற்குள் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று முடிந்துவிடும். அது பொய்யாக இருக்காது. அவர் கை தவறியது உண்மையாகவே இருக்கும். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டின் கடைசி மணியில் தவறிய கைக்கு அந்த விபத்தின் முழு எடையையும் ஏற்றிவிடலாமா? உண்மையான ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாலேயே, அதற்கு மேல் கேட்க வேண்டிய கேள்விகள் நின்றுபோகின்றன. தர்மனும் ஓர் உண்மையான காரணத்தை எடுத்து நீட்டினான். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

பௌத்த ஜாதகக் கதைகளில் இதே மாண்டவ்யர் வருகிறார். 444ஆவது ஜாதகம், கண்ஹதீபாயன ஜாதகம். அங்கேயும் கழு, அங்கேயும் பூச்சி. ஆனால் அங்கே அவர் தன் முற்பிறவியைத் தானே நினைத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுகொள்கிறார். ஒரு ஈயைக் குச்சியில் குத்திய பாவம் இது என்று ஏற்றுக்கொள்கிறார். அங்கே ஆசனத்தில் யாரும் இல்லை, ஆகவே கேள்வி கேட்கவும் யாரும் இல்லை. மகாபாரதம் அந்த ஆசனத்தைப் போட்டு, அதில் ஒருவனை உட்கார வைத்ததால்தான் வாக்குவாதம் நடக்க முடிந்தது. கர்மம் என்பது யாரோ நடத்தும் நிர்வாகம் என்றால், அந்த நிர்வாகியும் பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் துணிச்சலை நாம் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை?

*

14 என்ற அந்த எண்ணைப் பார்ப்போம். மலேசியாவில் குற்றவியல் சட்டத்தின் 82வது செக்‌ஷன்படி 10 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்வது குற்றமாகாது. 10இலிருந்து 12க்குள் இருந்தால், தான் செய்வது புரியும் அளவுக்குப் பக்குவம் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது 83வது செக்‌ஷன். சிங்கப்பூரில் 2020இல்தான் அந்த வயது 7இலிருந்து 10 ஆனது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகளுக்கான குழு 2019இல் வெளியிட்ட தன் 24வது பொதுக் கருத்துரையில், குறைந்தது 14 வயதாக உயர்த்துங்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

அன்றே சொன்னார்கள் பார் என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. எண் ஒத்துப்போவது தற்செயல். எனக்கு வியப்பாக இருப்பது, அந்த எண் கதைக்குள் வரும் விதம். அது வானத்திலிருந்து அருளப்பட்ட எண் இல்லை. தண்டனை அனுபவித்த ஒருவர், அனுபவித்த வலியோடு, அதிகாரத்தில் இருப்பவனிடம் வாதாடி வாங்கிய எண். அதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. கழுமுனை அவர் உடம்பிலிருந்து கடைசிவரை வெளியே வரவில்லை. அந்த எல்லை இனிமேல் பிறக்கப் போகும் குழந்தைகளுக்கு. இன்னும் எத்தனையோ பிள்ளைகள் புல்லை எடுத்துத் தும்பியைக் குத்தும், வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும். அவர்கள் யாரும் கழுவில் ஏற வேண்டாம் என்பதுதான் அந்த எல்லை.

*

இவ்வளவு தூரம் மாண்டவ்யரோடு வந்த பிறகு, அவரையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

மார்க்கண்டேய புராணத்தில் அவர் இன்னும் கழுவில் இருக்கும்போது நடக்கும் ஒரு சம்பவம் வருகிறது. தொழுநோயாளிக் கணவனைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு பெண் இருட்டில் போகிறாள். கணவனின் கால் தெரியாமல் முனிவர் மேல் இடித்துவிடுகிறது. வலியில் அவர் சபிக்கிறார்: என்னை இடித்தவன் சூரியன் உதிக்கும்போது சாவான். அந்தப் பெண், அப்படியானால் சூரியனே உதிக்காது என்கிறாள். நம் ஊரில் நளாயினி கதையாகக் கேட்டிருப்போம். கால் இடித்ததற்கு மரணம். தெரியாமல் செய்த தவறுக்கு, அளவே இல்லாத தண்டனை! தர்மனிடம் அவர் வைத்த குற்றச்சாட்டு அப்படியே அவருக்கும் பொருந்துகிறது. நியாயம் கேட்கப் போகிறவர் நியாயவானாகவே இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பதை நம் புராணங்கள் மறைக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், தர்மனுக்குக் கொடுத்த சாபத்திலேயே இருக்கிறது. சூத்திரப் பெண்ணின் வயிற்றில் பிறப்பாய். அளவுக்கு மீறிய தண்டனையைக் கண்டித்த அதே வாய், ஒரு பிறப்பையே தண்டனையாகச் சொல்கிறது. அந்தப் பிறப்பில் ஏற்கெனவே கோடிக்கணக்கான மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்களே, அவர்கள் எல்லாம் எந்தப் பூச்சியைக் குத்தினார்கள்? இந்தக் கேள்வியைக் கதை கேட்கவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் ‘உலகம் அப்படித்தான்’ என்ற பதிலை மாண்டவ்யர் தர்மனிடமிருந்து ஏற்றுக்கொள்ளவில்லையே. நாம் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?

விதுரனின் வாழ்க்கை அந்தச் சாபம் எவ்வளவு நீளம் என்று காட்டுகிறது. திருதராஷ்டிரனுக்குக் கண் இல்லை, ஆகவே அரசு இல்லை. விதுரனுக்குக் கண்ணும் உண்டு, அறிவும் உண்டு. பிறப்பு சரியில்லை, ஆகவே அரசு இல்லை. பாண்டு அரசனானான். தர்மமே உடம்பெடுத்து வந்து நின்றாலும், தாய் யார் என்று பார்த்துவிட்டு ஓரமாக உட்கார வைக்கும் அரண்மனை அது.

அந்த ஓரத்திலிருந்து அவன் ஒருமுறை எழுந்தான். சூதாட்ட மண்டபத்தில், திரௌபதி கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் யாரும் நேரான பதில் சொல்லாமல் இருந்தபோது, விதுரன் கைகளை உயர்த்திச் சபையை அடக்கிவிட்டுப் பேசினான். மாண்டவ்யர் கைகளை உயர்த்தி மௌனமாக நின்றார். அவர் சாபத்தால் பிறந்தவன் கைகளை உயர்த்தி, மௌனம் குற்றம் என்றான். பிரகலாதன் கதையைச் சொன்னான். பிரகலாதனின் மகன் விரோசனனுக்கும் சுதன்வனுக்கும் யார் உயர்ந்தவர் என்று தகராறு. உயிரைப் பந்தயம் வைத்து, பிரகலாதனிடமே தீர்ப்புக் கேட்கிறார்கள். அவன் காசியபரிடம் போய், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறான். காசியபர் ஒரு கணக்குச் சொல்கிறார். கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காத சபையில் நடக்கும் அநியாயத்தில் பாதி, சபைத் தலைவனுக்கு. கால் பங்கு, செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு. பிரகலாதன் மகனைப் பார்க்காமல், சுதன்வனே உயர்ந்தவன் என்று தீர்ப்புச் சொன்னான்.

பாதி, கால், கால். புல்லுக்கும் கழுவுக்கும் வித்தியாசம் பார்க்காமல் எடை போட்ட தர்மன், மனிதனாகப் பிறந்து, அநியாயத்தைப் பங்கு பிரித்து அளக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதுவும் செய்தவன் தலையில் மட்டும் முழுவதையும் கட்டாமல், அதிகாரத்தில் இருப்பவனுக்கே பெரிய பங்கைக் கொடுக்கும் கணக்கு. மேலே ஆசனத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. சொல் எடுபடாத இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது போல.

எடுபடவில்லைதான். விதுரன் பேசி முடித்ததும் அரசர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கர்ணன் மட்டும் வாயைத் திறந்தான், அந்த வேலைக்காரியை உள்ளே இழுத்துப் போ என்று துச்சாதனனிடம் சொல்ல.

வேலைக்காரி. அந்தச் சொல் விதுரன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்கிறேன். அவன் தாய் ஒரு வேலைக்காரி. வியாசரிடம் இன்னொரு முறை போக அம்பிகைக்கு மனம் இல்லை. தன் நகைகளைத் தன் தாதிக்குப் பூட்டி, தனக்குப் பதிலாக அனுப்பி வைத்தாள். அந்தத் தாதியிடம் சம்மதம் கேட்டதாக எந்த வரியும் இல்லை. வியாசர் மனம் மகிழ்ந்து, இனி நீ அடிமை இல்லை என்று வரம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. அவள் பெயர் என்ன என்று ஆதி பர்வம் சொல்லவில்லை.

மாண்டவ்யர் தனக்காகக் கேட்டார், பிறகு குழந்தைகளுக்காகக் கேட்டார். இந்தப் பெண்ணுக்காக அந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை. குற்றம் தர்மனுடையது, சாபம் முனிவருடையது, தண்டனையைப் பத்து மாதம் சுமந்தது அவள். அவள் எந்தப் பூச்சியைக் குத்தினாள் என்று கேட்டால், ஆசனத்தில் இருப்பவன் இன்றும் ஏதாவது ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருப்பான். காரணம் இருக்கட்டும், அளவு சரியா என்று கேட்கத்தான் மாண்டவ்யர் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.